கையில் இல்லாத இரண்டாயிரம் பங்குகள்

சீனிவாசகத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சிவகாசியில் அவன் வேலை பார்த்த ஆப்செட் பிரஸ்ஸில் அவனுக்கென்று ஒரு கம்ப்யூட்டரும் சுழல் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். நாற்காலி புதிதாகவே இருந்தது, செருப்புதான் தேய்ந்தது. ஒரு படத்துக்கு நிறம் திருத்தி முடிப்பதற்குள் மூன்று தடவை டீக்கடைக்கும் இரண்டு தடவை மிஷின் ரூமுக்கும் போய்வந்துவிடுவான். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மங்கிப்போன சாமி படத்தைக் கொடுத்தால் முருகனுக்குக் கன்னம் சிவந்துவிடும். புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் போட்டால் பொறி கண்ணில் விழும். சீனி கை வைத்தால் கருவாடுகூட நீந்தும் என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிவார்.

அந்தக் கைதான் அவனுக்கு வினையாக வந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆவணி மாதம் கரிசல் கிரீன் ஃபியூயல்ஸ் என்ற கம்பெனி தன் ஆண்டறிக்கையை அச்சடிக்கக் கொடுத்தது. காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்கப் போகிறோம் என்று ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காய்ந்து கிடந்த புஞ்சையையெல்லாம் குத்தகைக்குப் பிடித்திருந்த கம்பெனி அது. அட்டைக்கு வந்த படத்தில் செடியெல்லாம் மஞ்சள் பூத்து நின்றது. காய் என்று பார்த்தால் ஒரே ஒரு கொத்து. கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இலையைக் கொஞ்சம் பச்சையாக்கச் சொன்னார். சீனிவாசகம் மெஜந்தா என்கிற சிவப்பைக் குறைத்து சயான் என்கிற நீலத்தை ஏற்றினான். காய் கொஞ்சம் கூட வேண்டும் என்றார். அந்த ஒரு கொத்தையே எடுத்து நாற்பது இடத்தில் ஒட்டினான். பின்னால் தெரிகிற வெள்ளைக் கட்டடம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். அது ஒரு பட்டாசு ஆலையின் மருந்து ஷெட். அதை அழித்து வானமாக்கும்போதுதான், ஷெட்டை ஒட்டிச் சாய்ந்து நின்ற ஒற்றைப் பனையைப் பார்த்தான். அது அவன் அக்கா குருவம்மாளின் புஞ்சை.

அக்காளுக்கு நாலு ஏக்கர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வந்து கேட்டபோது அவள் புருஷன் வேலுச்சாமிதான் முதலில் தலையாட்டியவர். குத்தகையைக் கம்பெனி பணமாகக் கொடுக்கவில்லை. போன வருஷம் நிலம் கொடுத்த எல்லாச் சம்சாரிகளையும் கூப்பிட்டுப் பத்து ரூபாய்ப் பங்காகக் கொடுத்தது. குருவம்மாள் கணக்கில் இரண்டாயிரம் பங்கு. விருதுநகரில் பருப்பு மண்டியும் அதன் மாடியில் பங்கு வியாபாரமும் நடத்துகிற செய்யது அபுதாஹிர் வந்து, மரத்தடியில் மேஜை போட்டு, அத்தனை பேருக்கும் கணக்குத் திறந்து, பங்கை மாற்றிக் கொடுப்பதற்கான சிலிப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருஷத்துக்கு விற்க முடியாதபடி அந்தப் பங்குகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. புரட்டாசி முதல் திங்கட்கிழமை பூட்டு திறக்கிறது என்பது ஆண்டறிக்கையின் முப்பத்து நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்தவனும் இவன்தான்.

பத்து ரூபாய்ப் பங்கு அப்போது நாற்பத்தைந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சீனிவாசகம் யோசித்தான். செடி காய்க்கவில்லை என்பது அந்தச் சம்சாரிகளுக்குத் தெரியும். பூட்டுத் திறந்த மறு நிமிஷம் அத்தனை பேரும் விற்கத்தானே ஓடுவார்கள்? விலை தரையில் விழும். விழப்போகிற பொருளை இன்றைக்கே விற்று, விழுந்த பிறகு வாங்கிக் கொடுத்தால் என்ன?

வேறு ஊர்க்காரனாக இருந்தால் இல்லாத பொருளை எப்படி விற்பது என்று கொஞ்சம் கூசியிருப்பான். சிவகாசிக்காரனுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். இன்னும் மிஷினில் ஏறாத காலண்டருக்கு ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்து, அட்வான்சும் வாங்கிவிடுவார்கள். அச்சடிப்பது அதற்கப்புறம். காகிதம் தட்டுப்பாடானால் பக்கத்துப் பிரஸ்ஸில் நாலு ரீம் கைமாற்று வாங்கி வேலையை முடித்துவிடுவார்கள். விற்றதற்குப் பிறகு சரக்கைத் தேடுவதுதான் இந்த ஊரின் பிழைப்பு. பங்கும் ஒரு காகிதம்தானே என்று நினைத்துவிட்டான் சீனிவாசகம்.

காகிதக் கடைக்கு மேலே பங்கு ஆபீஸ் வைத்திருந்த தனுஷ்கோடி அவனுக்கு நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னார். பெரிய கம்பெனி என்றால் மூன்று மாதம் தள்ளிக்கூடக் கணக்கு முடிக்க வழி இருக்கிறது, இந்தச் சில்லறைக் கம்பெனிக்கு அதெல்லாம் இல்லை. திங்கட்கிழமை காலையில் விற்றால் அன்றைக்குச் சாயங்காலம் மூன்றரைக்குள் வாங்கியாக வேண்டும். வாங்க முடியாமல் போனால் புதன்கிழமை உண்மையான பங்கைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சே ஏலத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த விலையை நம் தலையில் கட்டும். இவ்வளவையும் சீனிவாசகம் வாசலில் நின்றபடி, ஒரு கால் படியில், ஒரு காதில் கேட்டான்.

பணம் அறுபதாயிரம் இருந்தது. அவன் பெண்டாட்டி பொன்னுத்தங்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து, அவள் பெயரில் கட்டிய சீட்டை எடுத்த பணம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்கு எட்டில் ஒரு அறை, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல ஸ்கேனர், இதுதான் புருஷனும் பெண்டாட்டியும் ஐந்து வருஷமாகப் பேசிவந்த பேச்சு. ஸ்கேனருக்கு இன்னும் முப்பதாயிரம் தட்டியது. அதைத் தனுஷ்கோடியிடம் ஒரு வாரத்தில் புரட்டிவிடலாம் என்று சீனிவாசகம் சொன்னபோது, புரட்டுவது என்றால் எப்படி என்று அவள் கேட்டாள். நம் ஊர் வியாபாரம்தான் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினான். தான் விற்கப்போவதை அக்காளிடம் சொல்ல அவனுக்கு எண்ணமில்லை. ஆனால் அவள் பங்கு தரையோடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனசு வரவில்லை. நாளைக்குப் பூட்டுத் திறக்கிறது, முதல் வேலையாக விற்றுவிடு, இது விளங்காத கம்பெனி என்று சொன்னான். குருவம்மாள் சிரித்தாள்.

"நம்ம செடி காய்க்கலேன்னு எனக்குத் தெரியாதாலே? நம்ம நெலம் அப்பிடி. மத்த ஊர்ல எம்புட்டு காய்ச்சிருக்கு பாரு" என்று சுவரைக் காட்டினாள்.

சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆண்டறிக்கையின் அட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தாள். இவன் ஏற்றிய பச்சை. இவன் ஒட்டிய நாற்பது கொத்து. அது உன் புஞ்சைதான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் நீதானே பச்சையாக்கினாய் என்று கேட்பாள். பிரஸ் சமாச்சாரம் வெளியே போனால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். எழுந்து முற்றத்துக்குப் போனான், திரும்ப வந்தான், டீயைக் குடித்தான், விற்றுவிடு என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்குச் சந்தை திறந்ததும் தனுஷ்கோடி அந்த அறுபதாயிரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு அவனுக்காக இரண்டாயிரம் பங்கை நாற்பத்தாறு ரூபாய்க்கு விற்றார். சீனிவாசகம் படியிறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். நாற்பத்தைந்தே கால். இன்னொரு டீ குடித்துவிட்டு வந்தான். நாற்பத்தேழு. சம்சாரிகள் இப்போதுதான் பஸ் ஏறியிருப்பார்கள், விருதுநகர் வந்து சேர வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

தனுஷ்கோடிக்கு முகம் சரியில்லை. "அண்ணாச்சி, ரெண்டாயிரம் ரூவாயோட போகட்டும். இப்பவே வாங்கிப் போட்டு முடிச்சிருவோம்" என்றார்.

சீனிவாசகம் கேட்கவில்லை. காய்க்காத செடியைக் கண்ணால் பார்த்தவன் இந்த ஆபீஸில் தான் ஒருவன்தான் என்ற இறுமாப்பு அவனுக்கு. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மடியில் அதே ஆண்டறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு, காயைப் பாருங்கள், அம்புட்டும் டீசல் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்நூறு பங்கு வாங்கியிருந்தார் மனுஷர். அறிக்கை போன வாரம்தான் தபாலில் எல்லோர் வீட்டுக்கும் போயிருந்தது. வாத்தியார் மாதிரி எத்தனை ஊரில் எத்தனை பேரோ.

ஒன்றே கால் மணிக்கு விலை நாற்பத்தொன்பதரையில் போய் நின்றது. ஒரு நாளைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் அதை ஏற விடமாட்டார்கள். அந்த உச்சியைத் தொட்டதும் விற்க வந்தவனும் பின்வாங்கிவிடுவான். நாளைக்கு இன்னும் ஏறும் என்று தெரியும்போது இன்றைக்கு எவன் விற்பான்? திரையில் வாங்குகிறவர்கள் பக்கம் மூன்று லட்சம் பங்கு காத்துக் கிடந்தது. விற்கிறவர்கள் பக்கம் பூஜ்யம். சீனிவாசகம் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். சம்சாரிகள் ஒருத்தர்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவரும் தன் புஞ்சை மட்டும்தான் காய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேர் வீட்டுச் சுவரிலும் அவன் பச்சைதான் ஒட்டியிருக்கிறது.

அவன் கணக்கில் தப்பில்லை. அடுத்த ஆடிக்குள் அந்தப் பங்கு நாலு ரூபாய்க்கு வந்து, பிறகு கேட்பாரற்றுப் போனது. ஆனால் சந்தையில் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மூன்றரை மணிக்குள் சரியாக இருக்க வேண்டும். மூன்றரை மணி அடித்தது. தனுஷ்கோடி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யாரிடமாவது கைமாற்றாகப் பங்கு கிடைக்குமா பாருங்கள், நாளைக்குள் உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றார். இந்த உலகத்தில் அந்தப் பங்கு வைத்திருக்கிற ஒரே ஒருத்தியைத்தான் அவனுக்குத் தெரியும்.

மறுபடி அதே ஏழாயிரம்பண்ணை பஸ். சன்னலோரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனான். தீபாவளிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது, சீசன் வேகம், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த அக்காளை வேன் ஆறரைக்குத்தான் இறக்கிவிட்டது. கையெல்லாம் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி மாதிரி மின்னியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, என்னலே மறுபடி வந்திருக்கிறாய், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்லத் தயார்செய்து வைத்திருந்தான். அந்தப் பங்கை எனக்குக் கொஞ்ச நாளைக்குக் கொடு அக்கா, சிலிப்பில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பதினைந்து நாளில் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று மட்டும் வந்தது. எதற்கு என்று கேட்டாள். ஒரு அவசரம் என்றான். உன் கம்பெனி பொய் என்று நான் பந்தயம் கட்டிவிட்டேன், அந்தப் பொய்யை நான்தான் வரைந்தேன் என்று அக்காளிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. எழுந்தான், உட்கார்ந்தான், செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தான்.

குருவம்மாள் ட்ரங்குப் பெட்டிப் பக்கம் பார்த்தாள். எழுந்தும்விட்டாள். அப்போதுதான் கட்டிலில் கிடந்த வேலுச்சாமி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, நேத்து வந்து இது விளங்காத பங்கு, வித்துருங்கன்னு சொன்னீக. இன்னைக்கு நாலு ரூவா ஏறியிருக்குன்னு மண்டிக்காரரு போன்ல சொல்லுதாரு. இப்ப எனக்குக் குடுங்கன்னு வந்து நிக்கீக. நாங்க காட்டுவேலைக்காரங்கதான், ஆனா இம்புட்டு கூடவா தெரியாது?"

அவர் சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நேற்றுச் சொன்னதும் நிஜம், இன்றைக்குக் கேட்பதும் நிஜம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அசல் களவாணித்தனமாகத்தான் தெரிந்தது. குருவம்மாள் புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பி ஏதாவது சொல்வான் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் செருப்பைத் தேடினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவள் பின்னாலேயே தெருமுனை வரை வந்தாள். பசியில்லை என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி உச்சி, ஐம்பத்து நாலரை. புதன்கிழமை மறுபடி உச்சி, அறுபது ரூபாய்க்கு ஒரு நூல் குறைவு. இரண்டு நாளும் சீனிவாசகம் வேலை செய்தான் என்று சொல்ல முடியாது. ஒரு லட்சுமி படத்துக்குப் பச்சை முகம் வைத்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினான். பிரஸ்ஸுக்கும் தனுஷ்கோடி ஆபீஸுக்கும் நடந்த நடையில் செருப்பு வார் அறுந்தது. வியாழக்கிழமை ஏலம் நடந்தது. யாரோ ஒருவர் எழுபத்தொரு ரூபாய்க்கு மொத்த இரண்டாயிரத்தையும் கொடுத்திருந்தார். ஐம்பதாயிரம் ரூபாய் நஷ்டம், கமிஷன் தனி. மிச்சம் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தனுஷ்கோடி கவரில் போட்டுக் கொடுத்தார்.

கவரைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கிற அந்த அறையை வேறு ஆளுக்கு விட்டுவிடச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் குருவம்மாள் வந்தாள். கையில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, பொன்னுத்தங்கத்துக்கு ஒரு சேலை. தம்பி கோபித்துக்கொண்டு போனது மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததாம், அதோடு ஒரு நல்ல செய்தியாம். சேவைப் பிரித்துத் தட்டில் கொட்டி அவன் முன்னால் தள்ளிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலையில் மண்டிக்காரர் செய்யது அபுதாஹிர் போன் பண்ணியிருக்கிறார். யாரோ ஒருத்தன் கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு முழிக்கிறான், ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும், கொடுக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். வேலுச்சாமி வேண்டாம், இன்னும் ஏறும் என்று குதித்திருக்கிறார். இவள்தான் பிடிவாதமாக நின்று விற்கச் சொல்லியிருக்கிறாள். மச்சு வீடு போட முக்கால்வாசிப் பணம் வந்துவிட்டதாம்.

"ஒங்க மச்சானுக்கு என்ன தெரியும்? என் தம்பி பஸ் ஏறி வந்து வித்துருன்னு ரெண்டு தடவை சொன்னான், காரணம் இல்லாமச் சொல்ல மாட்டான்னு சொல்லிட்டேன். நீ சொன்னதுனாலதாம்லே வித்தேன்" என்றாள் குருவம்மாள். பிறகு சிரித்தாள். "எந்த ஊருக் கிறுக்கனோ, பாவம். கையில இல்லாததைப் போய் எவனாச்சும் விப்பானா?"

சீனிவாசகம் வாயில் போட்ட சேவை மெல்லாமல் வைத்திருந்தான். அடுப்படியிலிருந்து பொன்னுத்தங்கம் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மதினி, அந்தக் கிறுக்கன் வேற ஊரு இல்ல. இந்தா, ஒங்க முன்னால உக்காந்து சேவு திங்காக."

குருவம்மாளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? சீனிவாசகம் சொல்லிவிட்டான். சீட்டுப் பணத்தைச் சொன்னான். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தது எதற்கு என்று சொன்னான். சுவரில் ஒட்டியிருக்கிற படம் அவள் புஞ்சை என்பதையும், அந்தப் பச்சையும் காயும் தன் கைவேலை என்பதையும், மருந்து ஷெட்டை அழித்ததையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு எழுந்து டீக்கடைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. கால் எழவில்லை.

"நம்ம புஞ்சையாலே அது?" என்று கேட்டாள் குருவம்மாள். "அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து, நம்ம கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள். குருவம்மாள் மடியிலிருந்த சுருக்குப் பையைத் தொட்டாள். பணம் பாங்கில் இருக்கிறது, நாளைக்கே எடுத்து வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்த அதே பார்வை.

"அன்னைக்கு நீ இதச் சொல்லுவேன்னுதானலே அம்புட்டு நேரம் ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவுக என்ன சொன்னாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனே."